ஆண்மைத் தளர்ச்சியும் அதற்குரிய மாத்திரையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செய்யப்பெற்ற பிரசங்கம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சபை நடுவே பேசத் தகாததென்று நம்மவரிற் பலர் கருதுவது. இதனைப் பேசும்பொழுது தாய்மார்களை வெளியே இருக்கச் சொல்லலாமென்று அன்பர் சிலர் யோசனை கூறினர். நாம் அதற்கு இணங்கவில்லை. கணவன் நெஞ்சுவலியாற் சாய்ந்தபோது ஆஸ்பத்திரிக்கு உடன் போகிறவள் மனைவி. முன்னிரவில் அவன் என்ன மாத்திரை உட்கொண்டான் என்னும் வினாவுக்கு விடை கூறவேண்டியவளும் அவளே. அறியாதவள் எங்ஙனம் கூறுவள்?

ஒருநாள் இருநாள் நேரும் தளர்ச்சி நோயன்று. களைப்பாலும் கவலையாலும் மதுவாலும் எவர்க்கும் அது நேரும். மாதக்கணக்கில் நிலைத்து நிற்குமாயின் காரணம் தேடல் வேண்டும். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புகைபிடித்தல், இரத்தத்திற் கொழுப்பு மிகுதல் என்னும் இவை அவ்வுறுப்புக்குச் செல்லும் தமனிகளைக் கெடுப்பன. இரத்தக் கொதிப்புக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் மருந்துகளுட் சிலவும் இத்தளர்ச்சியை விளைவிக்கும். மேற்படி தமனிகள் இருதயத் தமனிகளினும் மெல்லியன. ஆதலின் முன்னதாக அடைபடுகின்றன. தளர்ச்சி தோன்றிச் சில ஆண்டுகள் கழிந்தபின் மாரடைப்பு வரக் காண்பது வைத்தியர்களுக்குப் புதிதன்று. ஆகவே மருந்துக் கடைக்குப் போகுமுன் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்வதே முதற் காரியம். இதைவிட்டு, இளமையிற் செய்த பிழையின் பலனென்று மனம் புழுங்குவது வீண். விளம்பர வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக நம் வாலிபரைப் பயமுறுத்திப் பணம் பறிக்கும் வார்த்தை அது.

இனி மருந்தைப்பற்றிச் சொல்வோம். ஸில்டெனாபில் என்னும் பொருள் இங்கிலாந்தில் கெண்ட் ஜில்லாவைச் சேர்ந்த சாண்ட்விச் என்னும் ஊரில், பைஸர் கம்பெனியாரின் ஆராய்ச்சிச்சாலையில், 1989-இல் ஆக்கப்பெற்றது. முதலில் இருதய நோய்க்கென்றே அதனைச் சோதித்தனர். அவ்வகையில் அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆயினும் சோதனைக்குட்பட்ட ஆடவர்கள் வேறொரு குணத்தை அறிவித்தனர். 1998 மார்ச்சு மாதத்தில் வயாக்ரா என்னும் பெயரால் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு உடலினுள்ளே தூதுபோற் சென்று இரத்தக் குழாய்களை விரிக்கும் உண்மையை விளக்கிய பர்ச்காட், இக்னாரோ, முராத் என்னும் மூவர்க்கு நோபெல் பரிசு அளிக்கப்பெற்றதும் அவ்வாண்டிலேயே.

மனத்தில் ஆசை எழ, நரம்புகள் அவ்வாயுவை வெளிப்படுத்தும், அதனால் உண்டாகும் ஒரு பொருள் குழாய்களின் தசையைத் தளர்த்தும், இரத்தம் நிறையும். அப்பொருளைச் சிதைப்பது ஒரு நொதி. மாத்திரையோ அந்நொதியைத் தடுக்கின்றது. அதன் வேலை அவ்வளவே. அது ஆசையை உண்டாக்காது, தாதுவை வளர்க்காது. பிள்ளைப்பேற்றுக்காக மருமகளைக் கோயில் கோயிலாக அனுப்பிவிட்டு மகனுக்கு இரகசியமாக மாத்திரை வாங்கித் தருகின்ற பெற்றோர் இதனைக் கவனிப்பாராக.

வழக்கமாகத் தொடங்கும் அளவு 50 மில்லிகிராம், சேர்க்கைக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னதாக. 65 வயது கடந்தோர்க்கும், கல்லீரல் கெட்டோர்க்கும், சிறுநீரகம் மிகக் கெட்டோர்க்கும் 25 மில்லிகிராமிலேயே தொடங்குதல் முறை. ஒரு நாளில் ஒருமுறைக்கு மேலும், 100 மில்லிகிராமுக்கு மேலும் எவர்க்கும் கூடாது. நெய்யும் எண்ணெயும் மிகுந்த விருந்தை உண்டபின் விழுங்கினால் பலன் தாமதிக்கும்; அதனை அறியாது, பலிக்கவில்லையென்று இன்னொன்றையும் விழுங்குவோர் உளர். டாடலாபில் என்னும் மற்றொரு மாத்திரையின் வேகம் 36 மணி வரையிலும் நிற்கும். அதன் அளவு வேறு. ஒன்றின் கணக்கை மற்றொன்றுக்குப் பொருத்தலாகாது.

எல்லாவற்றினும் முக்கியமாக நாம் கூற வந்தது இதுவே. இருதய வலிக்காரர் நாவின் கீழ் வைத்துக்கொள்ளும் சார்பிட்ரேட் முதலிய நைட்ரேட் மருந்துகளும் அந்த நைட்ரிக் ஆக்ஸைடின் வழியாகவே குழாய்களை விரிப்பன. ஒருபுறம் அவை விரிக்க, மறுபுறம் இம்மாத்திரை அவ்விரிவு அடங்காதபடி தடுக்க, இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிர்க்கே மோசம் நேரக்கூடும். வெள்ளி இரவில் ஒருவர் டாடலாபில் உட்கொண்டார் என வைத்துக்கொள்வோம். சனி நண்பகலில் அவருக்கு நெஞ்சு வலிக்கின்றது. அண்டை வீட்டார் அன்பினால் தம் பெட்டியிலுள்ள சார்பிட்ரேட்டை எடுத்து அவர் வாயில் இடுகின்றனர். அவர் வெட்கத்தால் வாய் திறவாதிருக்கின்றார். மருந்தே விஷமாகும் இடம் அதுதான். ஸில்டெனாபில் உட்கொண்டு 24 மணியும், டாடலாபில் உட்கொண்டு 48 மணியும் கழியுமுன் நைட்ரேட் கூடாது. அவ்வேளையில் நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரி சேர்ந்து, இன்ன மாத்திரை, இன்ன நேரம் என்று வைத்தியரிடம் கூறல் வேண்டும். வேறு சிகிச்சைகள் அவர் கையில் உள. நைட்ரேட்டை நித்தியம் உட்கொள்ளுவோர் இம்மாத்திரையை நினைக்கவே வேண்டா. நிகோராண்டில் என்னும் இருதய மருந்துக்கும் இதே தடையுண்டு.

பெருஞ்சுரப்பி வீக்கத்துக்கு டாம்சுலோசின் போன்றவற்றை உண்ணும் முதியோர் வைத்தியரைக் கேட்டுக் குறைந்த அளவிலேயே தொடங்குக. எழுந்து நிற்கையில் மயங்கி விழக்கூடும். எரித்ரோமைசின், கீட்டோகோனஜோல் முதலியனவும் இதன் வேகத்தைப் பெருக்கும். இரண்டு மாடிப் படி ஏறினால் மூச்சிரைத்து நெஞ்சு பிடிப்பவர், முதலில் இருதயத்தைச் சீர்செய்துகொள்ளல் நன்று.

கடைப்பையனிடம் கண்சாடையாற் கேட்டு வாங்கும் வழக்கத்தை நாம் அறிவோம். அதனினும் கேடு, லாட்ஜுகளில் தேதி குறித்துத் தங்கும் வைத்தியர்களிடம் சிட்டுக்குருவி லேகியமென்று வாங்குவது. மூலிகை மட்டுமே என்று விற்கப்படும் இத்தகைய சரக்குகளில் ஸில்டெனாபிலே கலந்திருக்கக் கண்டு அமெரிக்க மருந்துத் துறையார் பலமுறை எச்சரித்துள்ளனர். எவ்வளவு கலந்ததென்று விற்பவனுக்கே தெரியாது. நைட்ரேட் உண்பவர் மூலிகைதானே என்று நம்பி அதனை நக்குவாராயின் அவர் கதி என்னாவது?

தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் ஆகியவை சாதாரணமாக வருவன, தாமே தணியும். சிலர்க்குச் சிறிது நேரம் பொருள்களெல்லாம் நீலமாகத் தோன்றுவதுமுண்டு. அஃது அச்சத்துக்குரியதன்று. ஆனால் கண்பார்வையோ செவிப்புலனோ திடீரென அற்றுப்போனாலும், விறைப்பு 4 மணிக்கு மேல் அடங்காது நின்றாலும், வெட்கம் பாராது அவசர சிகிச்சைக்குச் செல்க. நள்ளிரவாயினும் விடியட்டுமென்று காத்திருத்தல் கூடாது; தாமதத்தால் தசை நிரந்தரமாகக் கெடும்.

மேற்சொன்ன மருந்துகளின் பெயர்களைத் தமிழில் அச்சிட்ட சீட்டுகள் காரியதரிசி அவர்களிடம் உள்ளன. இருதய நோயுள்ளோர் ஒன்றைத் தம் பணப்பையிலும், மற்றொன்றைத் தம் மனைவியரிடத்தும் வைப்பாராக.