நாளுக்கு ஒரு வரி



அபிவிருத்தி என்றவுடன் சாலை, பள்ளிக் கட்டடம், மேல்நிலை நீர்த்தொட்டி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பற்றி இன்று நான் பேசப் போவதில்லை. மனிதனின் வளர்ச்சியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். இதற்கு மதிப்பீடும் ஒப்பந்தப் புள்ளியும் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் இருந்தால் போதும். இரவில் படுக்கப் போகுமுன், அன்றைய வரவு செலவையும் வயல் வேலையையும் ஒரு வரியில் எழுதி வைக்கும் பழக்கத்தையே குறிப்பிடுகிறேன்.

இது புதிய யோசனையன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் பின்னாளில் தலைமைத் துபாஷியாக உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-ஆம் ஆண்டு தமது இருபத்தேழாம் வயதில் தினப்படி குறிப்பு எழுதத் தொடங்கினார். கப்பல் வரவு, வியாபாரம், ஊர்ப் பேச்சு எல்லாவற்றையும் தமிழில் எழுதினார். 1761-இல் அவர் காலமாகும் வரை எழுத்து நீடித்தது. அக்காலத்துத் தென்னாட்டு வரலாற்றை ஆராய்வோர் இன்றும் அந்தக் குறிப்பைப் புரட்டுகின்றனர். காந்தியடிகள் லண்டனில் மாணவராயிருந்தபோது, ஒவ்வொரு காசையும் எழுதி, இரவில் கணக்கைச் சரிபார்த்த பிறகே உறங்குவது வழக்கம். பின்னாளில் பெரும் பொது நிதிகளைக் கையாண்டபோது அப்பழக்கமே தமக்குத் துணை நின்றதாக அவர் சுயசரிதையில் கூறுகிறார். பொதுப் பணத்தைக் கையாளும் ஊராட்சி உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் வயலுக்கு வருவோம். ‘ஏக்கருக்கு என்ன செலவாயிற்று?’ என்று கேட்டால், பலரும் ஒரு முழு எண்ணைச் சொல்கிறார்கள். முழு எண்ணாக வரும் செலவு அநேகமாக ஊகமே! விதையின் விலையும் உரத்தின் விலையும் நினைவில் நிற்கும். நடவாட்களுக்கு வாங்கிய தேநீர், டீசலுக்குப் போய்வந்த பேருந்துக் கட்டணம், வீட்டார் களையெடுத்த நாட்கள் ஆகியவை நினைவில் நிற்பதில்லை. அறுவடைக்குப் பின் கையில் ஒன்றும் மிஞ்சாதபோது, பணம் எங்கே போயிற்று என்று நாம் திகைக்கிறோம். கடனும் அப்படித்தான். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால் சிறிதாகத் தோன்றும். பன்னிரண்டு மாதமும் எழுதிக் கூட்டினால் இருபத்து நான்கு ரூபாய். கூட்டுறவுச் சங்கப் பயிர்க் கடனைத் தவணை தவறாமல் செலுத்தினால் நம் மாநிலத்தில் வட்டி இல்லை. அத்தவணைத் தேதி எத்தனை பேர் வீட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது?

பணத்தை மட்டுமே எழுத வேண்டும் என்பதில்லை. அடி தட்டையாகவும் பக்கம் நேராகவும் உள்ள ஒரு தகர டப்பாவை, மரமும் சுவரும் மறைக்காத திறந்த இடத்தில் வையுங்கள். காலை எட்டரை மணிக்கு, அதில் தேங்கிய மழைநீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து குறியுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு ஏக்கரில் சுமார் நாலாயிரம் லிட்டர் தண்ணீர். கிணற்று நீர்மட்டத்தையும் கயிற்றில் முடிச்சிட்டு அளக்கலாம். இரண்டு ஆண்டுகள் இவ்வாறு எழுதியவர், ‘இந்தத் தண்ணீர் நெல்லுக்குப் போதுமா, உளுந்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?’ என்று பிறரிடம் கேட்டுக்கொண்டிரார். தம் கிணற்றைப் பற்றித் தாமே தீர்மானம் செய்வார். வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

பழக்கம் படிய எத்தனை நாளாகும்? லண்டன் பல்கலைக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 96 பேரைக் கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கேற்ப இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. உளுந்து விதைத்து அறுக்கும் காலமும் ஏறக்குறைய 65 முதல் 75 நாட்களே! ஒரு நாள் விடுபட்டதனால் பழக்கம் கெடவில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்பிலும் இடைவெளிகள் உண்டு. ஆகவே திருவிழாவில் இரண்டு நாள் விட்டுப்போயிற்றென்று நோட்டைப் பரண்மேல் போட்டுவிட வேண்டாம்.

எங்கள் ஒன்றியத்தில் ஒரு சகோதரி வார்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதற் கூட்டங்களில், காட்டிய இடத்தில் கையொப்பமிட்டு எழுந்து போவார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தபடியால், தீர்மானப் புத்தகத்தைப் படிக்க அவருக்குக் கூச்சம். பால் கணக்கை மட்டும் நாள்தோறும் எழுதத் தொடங்கினார்: காலைப் பால், மாலைப் பால், தவிடு, பிண்ணாக்கு. பிறகு செய்தித்தாளில் தினம் ஒரு பத்தி படித்தார். ஓராண்டு கழிந்திருக்கும். ஒரு கூட்டத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “ஐயா, இந்தக் கைப்பம்பு ரிப்பேர் போன மாதத் தீர்மானத்திலும் இருக்கிறதே?” என்றார். பார்த்தால், பழைய பட்டியலைப் பார்த்து எழுதியதில் அந்தச் செலவு இரண்டாம் முறையும் ஏறியிருந்தது. அதனை நீக்கிய பின்னரே அவர் கையொப்பமிட்டார். அவருக்கு எந்தப் பயிற்சி முகாமும் இதைக் கற்பிக்கவில்லை.

கிராம சபையில் வரவு செலவு படிக்கப்படும்போது, எத்தனை பேர் அதைக் காதுகொடுத்துக் கேட்கிறோம்? தன் வீட்டுக் கணக்கை எழுதிப் பழகியவனுக்கு ஊர்க் கணக்கு வெறும் எண்களின் ஓசையாக இராது. 2022 முதல் நம் மாநிலத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த சபைக்கு வரும்போது உங்கள் நோட்டையும் எடுத்து வாருங்கள்.

நோட்டு வாங்கச் செலவு செய்யவும் வேண்டாம். பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டில் மிஞ்சிய தாள்களைத் தைத்துக்கொள்ளலாம். எழுதத் தெரியாத பெரியவர்கள் பேரப்பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்யலாம். எழுதியதை ஒரு முறை வாசித்துக் காட்டவும் சொல்லுங்கள். என்ன எழுதுவதென்று திகைப்பவர்கள் இன்றைய கூலியையும் மழையையும் எழுதித் தொடங்கலாம்.