சிப்பியிலும் எழுத்து உண்டு



இன்று புத்தகத்தைச் சற்று மூடி வையுங்கள். இந்தத் தட்டில் சிப்பிகள் இருக்கின்றன. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் வைத்துத் தடவிப் பாருங்கள்.

'ங்' என்ற எழுத்தை எப்படிப் படித்தோம்? 'சங்கு' என்ற சொல்லை வைத்துத்தான். சங்கு நமக்குப் புதிதல்ல. குழந்தைக்குப் பால் புகட்டும் கிண்ணத்துக்குச் சங்கு என்றே பெயர். சாவு வீட்டில் ஊதுவதும் சங்கு. பல்லாங்குழி ஆடுவது சோழியை வைத்து. ஊரில் சுவருக்கு வெள்ளையடித்தது கிளிஞ்சல் சுண்ணாம்பால். நம் தூத்துக்குடிக் கடலில் மூழ்கி எடுத்த சங்குகள் வங்காளத்துக்குப் போயின. அங்கே கல்யாணமான பெண்கள் அணியும் வெள்ளை வளையல்கள் ஆயின.

இவ்வளவு பழகியும், ஒரு சிப்பியை நாம் நிதானமாகப் பார்த்தது உண்டா?

போன ஞாயிற்றுக்கிழமை நம் வகுப்பிலிருந்து ஏழு பேர் மாகிம் கடற்கரைக்குப் போனோம். மாகிம் ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கினால் நடந்தே போகலாம். நம் தாராவியே ஒரு காலத்தில் கோலி மீனவர்களின் ஊர். கோலிவாடா இன்றும் இருக்கிறது. ஆனால் எங்களோடு வந்த ஒரு அக்கா தாராவிக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. மாகிம் கடலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், வேலைக்கு ஓட வேண்டும். கடலுக்கு ஏது நேரம்?

கடல் உள்வாங்கியிருந்தது. முதலில் கண்ணில் பட்டது பிளாஸ்டிக் குப்பைதான். அக்கா சிரித்தார். "ஞாயித்துக்கிழமையும் இதுதானா?" என்றார். அவர் 13வது காம்பவுண்டில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கிறவர். ஈர மணலில் உட்கார்ந்தார். சிப்பிகளை ரகம் ரகமாகப் பிரித்துவிட்டார். எனக்கு ஒன்றுபோலத் தெரிந்தவை அவர் விரலுக்கு வேறு வேறாகத் தெரிந்தன.

ஒரு சிப்பியில் வட்டமாக ஒரு துளை இருந்தது. "மாலை கோக்க யாரோ ஓட்டை போட்டிருக்காவ, தம்பி" என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். புத்தகத்தில் படித்த பிறகுதான் தெரிந்தது. அது மனிதர் போட்ட ஓட்டை அல்ல. கடலில் ஒரு வகை நத்தை உண்டு. அதன் நாக்கு அரம்போல இருக்கும். அமிலம் போன்ற நீரையும் சுரக்கும். இரண்டையும் கொண்டு ஓட்டைத் துளைத்து, உள்ளே இருக்கும் உயிரைத் தின்றுவிடும். அந்தத் துளை, ஓர் உயிர் முடிந்த கதை.

அடுத்து ஒரு சுருள் சங்கு. அதன் மேல் கோணலாக ஒரு தழும்பு. "இது ஒட்டுப் போட்டது மாதிரி இருக்கே" என்றார் அக்கா. ஆம், ஒட்டுதான். நண்டு சங்கின் விளிம்பை உடைத்துத் தின்னப் பார்க்கும். தப்பிவிட்டால் அந்த உயிர் உடைந்த இடத்தை மறுபடி கட்டிக்கொள்ளும். அந்தத் தழும்பு, ஓர் உயிர் பிழைத்த கதை.

இந்த வீட்டை அது எப்படிக் கட்டுகிறது? கடல் நீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கிறது. அதை எடுத்து, தன் உடம்பின் மேல் தோலால் விளிம்பு விளிம்பாகச் சேர்க்கிறது. உங்கள் கையில் உள்ள சிப்பியில் வரிகள் தெரிகிறதா? அவை அது வளர்ந்த வரிகள். சுருள் சங்கின் கூர் நுனிதான் அது குட்டியாக இருந்தபோது கட்டிய வீடு. அந்தச் சிறு வீட்டை அது இடிக்கவில்லை. அதிலிருந்தே சுற்றிச் சுற்றிப் பெரிதாகக் கட்டிக்கொண்டது.

திரும்பும் நேரம். அழகான சங்கு ஒன்றை அக்கா சேலை முந்தியில் முடிந்தார். சிறிது தூரம் வந்ததும் முந்தி அசைந்தது! "ஐயோ, உள்ள ஆள் இருக்கு!" என்று அலறினார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அவிழ்த்துப் பார்த்தால், சின்ன நண்டுக் கால்கள் எட்டிப் பார்த்தன.

இந்த நண்டுக்குப் பின்னுடம்பு மிருதுவானது. சொந்த வீடு கட்டத் தெரியாது. காலியான சங்கில் குடியேறும். உடம்பு வளர்ந்தால் பெரிய சங்கு தேடி அலையும். நாம் பெரிய கோலி தேடி அலைவதுபோலத்தான்.

அக்கா சிரிப்பை நிறுத்தினார். 2024-இல் தாராவியில் கணக்கெடுப்பு தொடங்கியது. அவர் வீட்டுக்கும் எண் போட்டார்கள். "வீடு இருக்குமா, எங்கே கொடுப்பாங்க" என்ற கவலை நம் எல்லோருக்கும் உண்டு. தன் வீட்டுக் காகிதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்றுதான் அவர் வகுப்பில் சேர்ந்தார். அவர் திரும்பி நடந்தார். நண்டை ஈர மணலில் விட்டார். "அது வீட்டை நான் எதுக்கு எடுக்கணும்?" என்றார்.

நண்பர்களே, நீங்களும் போய்ப் பாருங்கள். கடல் உள்வாங்கும் நேரம் கேட்டுப் போங்கள். மழைக்காலத்தில் அலைக்கு அருகே போகாதீர்கள். உயிருள்ள சங்கைத் தொடாதீர்கள். கூம்பு வடிவச் சங்குகள் கொட்டும்; அதற்கு விஷம் உண்டு. சில அரிய சங்கு, சிப்பிகளை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அவற்றை எடுப்பது குற்றம். காலிச் சிப்பியில் ஒன்றிரண்டு போதும். மற்றவை நண்டுக்கு வீடாகட்டும். கடலோர உயிர்களை மக்களுக்கு நேரில் காட்டும் 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' என்ற குழு 2017-இல் இந்த நகரில் தொடங்கியது. நம் குப்பைக் கடற்கரையிலும் பார்க்க எவ்வளவோ இருக்கிறது.

மறுநாள் வகுப்பில் அந்த அக்கா சிலேட்டில் 'சங்கு' என்று எழுதினார். 'ங்' அவருக்கு வராத எழுத்து. மூன்று முறை அழித்தார். நான்காம் முறை சரியாக வந்தது. அதன் கீழே, நான் சொல்லாமலே, இன்னொரு சொல் எழுதினார்: 'வீடு'.

இப்போது உங்கள் கையில் உள்ள சிப்பியைப் பாருங்கள். வரி இருக்கிறதா? துளை இருக்கிறதா? தழும்பு இருக்கிறதா? அது என்ன கதை சொல்கிறது? இரண்டு வரி எழுதி, நாளை கொண்டு வாருங்கள்.