இரவு: ஒரு சொல், இரு பொருள்



பத்தாண்டுகளாகக் கவிதை பேசிவரும் இவ்வவையில் வண்டி நிறுத்துவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் சிலர் புன்னகைக்கக் கூடும். நமக்கு மிகவும் பழகிய ஒரு சொல்லின் வழியாகவே இப்பொருளுக்குள் நுழைகிறேன். தமிழில் இரவு என்பது இராப்பொழுதையும் குறிக்கும், இரத்தலையும் குறிக்கும். திருக்குறளின் 106ஆம் அதிகாரம் 'இரவு'. அதையடுத்து வருவது 'இரவச்சம்'. ஒலியால் ஒன்றுபட்டு நிற்கும் இவ்விரு பொருளும் வாழ்க்கையிலும் ஒன்றுபடும் இடம் உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரை நகரங்களில் வேனிலும் காரிலும் குடியிருப்போர் ஒவ்வொரு மாலையும் அவ்விடத்தில்தான் நிற்கிறார்கள்.

இவர்கள் அனைவரும் வேலையற்றவர் அல்லர். லாஸ் ஏஞ்சல்ஸ், சியாட்டில் போன்ற நகரங்களில் வாடகை ஏறிய வேகத்தில் கூலி ஏறவில்லை. வேலை நகரத்துக்குள் இருக்கிறது. வீடு கைக்கெட்டாத உயரத்தில் இருக்கிறது. எஞ்சியது வண்டி ஒன்றே. பகலில் அது ஆயிரம் வண்டிகளுள் ஒன்று. பொழுது சாய்ந்தபின் அது வீடாகிறது; வீடானவுடன் பல ஊர்களில் குற்றமும் ஆகிவிடுகிறது.

இரவுக்கு இடம் தேடுவதில் நுட்பங்கள் பல. குடியிருப்புத் தெருவில் நிறுத்தினால் அயலார் சன்னல் வழியே பார்ப்பர்; ஆளற்ற தொழிற்பேட்டையில் நிறுத்தினால், ஏதேனும் நேர்ந்தால் பார்ப்பதற்கு ஆளில்லை. வெளிச்சம் வேண்டும், ஆனால் அது உறங்குபவரின் முகத்தில் விழக் கூடாது. தெரு துப்புரவு நாளைக் குறிக்கும் பலகையைப் படித்துவிட வேண்டும். சமையலையும் பல் துலக்குவதையும் வேறோரிடத்தில் முடித்துக்கொண்டு, இருட்டியபின் வந்து, விடியுமுன் புறப்பட வேண்டும். அடுத்தடுத்த இரவுகளில் ஒரே தெருவுக்கு வரலாகாது. வண்டியின் முகம் சாலையை நோக்கி இருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் சாமான் இருக்கக் கூடாது. கீழே இறங்காமலே வண்டியைக் கிளப்ப முடிய வேண்டும். தனித்து வாழும் பெண்ணுக்கு இது உயிர்க்காப்பு. இத்தனையும் செய்த பின்னும், குளிர்கால விடியலில் உறங்குபவரின் மூச்சு கண்ணாடியில் ஆவியாகப் படிந்து அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சட்டம் இவர்களை எவ்வாறு கண்டது? வண்டியைக் குடியிருப்பாகப் பயன்படுத்துவதை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1983இல் தடை செய்தது. 2014இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடை செல்லாது என்றது. எது குடியிருத்தல் என்று அச்சட்டம் தெளிவுறச் சொல்லவில்லை என்பதே காரணம். வண்டிக்குள் போர்வை இருந்தால் குடியிருத்தலா? உணவுண்டால் குடியிருத்தலா? சொற்பொருளைத் துருவி ஆராயும் நமக்கு அத்தீர்ப்பு அந்நியமானதன்று. ஆயினும், 2017இல் நடைமுறைக்கு வந்த புதிய விதி, குடியிருப்புத் தெருக்களில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டியில் தங்குவதைத் தடுத்தது.

சியாட்டிலில் ஒருவர் தம் டிரக்கிலேயே வாழ்ந்துவந்தார். ஓரிடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் நிற்கலாகாது என்ற விதியின்படி 2016இல் நகராட்சி அதை இழுத்துச் சென்றது. அவருடைய தொழிற்கருவிகளும் அதனுள்ளே இருந்தன. மீட்ட செலவாக 500 டாலருக்கு மேல் கட்டவும் நேர்ந்தது. 2021இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம், அந்த டிரக் அவருடைய வீடே என்றும், அத்தொகை அவர் நிலைக்கு மிகையான தண்டம் என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் 2024இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆரெகன் மாநிலத்தின் கிரான்ட்ஸ் பாஸ் நகர வழக்கில், பொதுவிடத்தில் முகாமிட்டு உறங்குவோரைத் தண்டிப்பது அரசியலமைப்புக்கு முரணன்று என முடிவு கூறியது. நீதிபதிகளுள் அறுவர் ஒருபுறம், மூவர் மறுபுறம்.

இவற்றுக்கிடையே எளிய வழி ஒன்றும் பிறந்தது. கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் 2004ஆம் ஆண்டு ஒரு தொண்டு நிறுவனம் 'பாதுகாப்பான நிறுத்தம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தேவாலயங்களின், அலுவலகங்களின் நிறுத்துமிடங்கள் பகலில் பயன்பட்டு இரவில் வெறுமையாய்க் கிடப்பவை. பதிவு செய்துகொண்டவர் மாலையில் அங்கு வந்து தங்கிக் காலையில் செல்லலாம். பிற நகரங்களும் இதைப் பின்பற்றின. அங்கே கிடைப்பது சில சதுர அடித் தரைதான். விடிந்ததும் அதையும் விட்டுச் செல்ல வேண்டும். இது வீட்டுக்கு ஈடாகாது என்போர் கூற்றில் உண்மையுண்டு. எனினும், நள்ளிரவில் எவரும் சன்னலைத் தட்டமாட்டார் என்ற உறுதியோடு உறங்குபவர், மறுநாள் வேலைக்குச் செல்லத் தக்கவராய் விழிக்கிறார். அதைச் சிறிதென்று நாம் சொல்லலாகாது.

எழுதுவோருக்கு இதில் என்ன பங்கு? லண்டனின் கேம்டன் பகுதியில், நாடகாசிரியர் ஆலன் பென்னெட் வாழ்ந்த தெருவில், ஒரு மூதாட்டி வேனில் குடியிருந்தார். தெருவில் வண்டி நிறுத்தக் கட்டுப்பாடு வந்தபோது, 1974இல் பென்னெட் தம் வீட்டு முற்றத்தில் இடம் தந்தார். சில காலத்துக்கு என்றது, 1989இல் அம்மூதாட்டி மறையும்வரை 15 ஆண்டுகள் நீண்டது. 'தி லேடி இன் தி வேன்' என்ற நூலில் பென்னெட் அதை எழுதினார். மூதாட்டியின் பிடிவாதத்தையும், வண்டியின் நாற்றத்தையும், தமக்கு உண்டான எரிச்சலையும் அவர் மறைக்கவில்லை. தம்மை வள்ளலாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. அவ்வுண்மையாலேயே அம்மூதாட்டி இரக்கத்துக்குரிய பொருளாகச் சுருங்காமல் முழு மனுஷியாக நிற்கிறார்.

கவிஞர் பெருமக்களே, நம் கவிதையில் சாலை பெரும்பாலும் விடுதலையின் உருவகம். சுற்றித் திரிபவரைக் கண்டால் நாம் பொறாமையோடு எழுதுகிறோம். நின்ற இடத்திலிருந்து ஒவ்வொரு விடியலிலும் கிளப்பப்படுபவருக்குச் சாலை விடுதலையாகாது. அவரைப் பாடும்முன், அவர் நேற்றிரவு எங்கே வண்டியை நிறுத்தினார், எத்தனை முறை கண்விழித்தார் என்று கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும். ஒரு நகரத்தின் நாகரிகத்தை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோலும் இதுவே: அங்குள்ள எளியவர், இரவை இரவாமலே பெற முடிகிறதா?