மெஷின் நம்ம கைக்குப் பொருந்தணும்

(மறைமலை நகர் பகுதி மகளிர் குழுக்களின் கூட்டத்தில், தொழில் கடன் பற்றிய அமர்வில் களப்பணியாளர்கள் சார்பில் ஆற்றிய உரை)



மெஷின் வாங்கக் கடன் கேட்டு வரும் குழுவிடம் நாம் வழக்கமாக என்னென்ன கேட்கிறோம்? விலை எவ்வளவு, எத்தனை குதிரைத் திறன் மோட்டார், ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை ஓடும், தவணை கட்ட முடியுமா. எல்லாம் சரியான கேள்விதான். ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடுகிறோம். அந்த மெஷினின் கைப்பிடியை நம்மால் திருக முடியுமா? இன்றைக்கு அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

இங்கே சுற்றிலும் கம்பெனிகள். சரக்கு அனுப்ப மரப்பெட்டி வேண்டும், பேலட் என்று சொல்கிற அடித்தட்டு வேண்டும். இன்னொரு பக்கம் பலகை, மனை, அஞ்சறைப் பெட்டி, போட்டோ ஃபிரேம் என்று வீட்டுச் சாமானுக்கும் ஆர்டர் இருக்கிறது. அதனால் மரவேலைப் பட்டறை போடும் யோசனை சில குழுக்களுக்கு வந்திருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் வட்ட ரம்பம், இழைக்கிற மெஷின், துளை போடுகிற டிரில் எதுவும் பெண்களின் கையை நினைத்துச் செய்தது இல்லை.

திருகாமல் விட்டால் என்ன ஆகும்?

வட்ட ரம்பத்தில் பிளேடை ஏற்றி இறக்க ஒரு சக்கரம் இருக்கும். மரத்தை நேராகத் தள்ள, பக்கத்தில் ஒரு வழிகாட்டிக் கட்டை இருக்கும். அதை இறுக்க ஒரு நாப் இருக்கும். முக்கால் அங்குலப் பலகை அறுத்தால், பிளேடு அந்தப் பலகைக்கு மேலே கால் அங்குலம் தெரிந்தால் போதும். அடுத்து இரண்டு அங்குலக் கட்டை வந்தால் ஏற்றணும், திரும்பப் பலகை வந்தால் இறக்கணும்.

சக்கரம் சின்னது, முறுக்கு கெட்டி, கை வியர்வையில் வழுக்குகிறது என்றால் என்ன செய்வோம்? ஏற்றியதை இறக்காமலே விட்டுவிடுவோம். பட்டறைகளில் நாங்கள் பார்ப்பது இதுதான். காலையில் பிளேடை உச்சத்துக்கு ஏற்றி வைத்துவிட்டு சாயங்காலம் வரை அப்படியே ஓட்டுகிறார்கள். மெல்லிய பலகைக்கு மேலே இரண்டு அங்குலம் பிளேடு சுழன்றுகொண்டே இருக்கும். பக்கத்துக் கட்டையும் சரியாக இறுகியிருக்காது. அது நகர்ந்தால் மரம் பிளேடில் சிக்கி நம் பக்கமே திருப்பி அடிக்கும். அந்த நேரம் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

கேட்டால் "இந்தப் பொண்ணுங்களுக்கு கவனம் போதாது" என்று சொல்லிவிடுவார்கள். கவனக் குறைவு இல்லைங்க. ஒரு நாளைக்கு முப்பது தடவை திருக வேண்டிய சக்கரம் மூன்று தடவை திருகினதுமே மணிக்கட்டு வலித்தால், யாராக இருந்தாலும் திருகாமல்தான் விடுவார்கள்.

விரல் போனால் யார் தருவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம்மில் பலர் வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டி பிரதம மந்திரி சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் இருக்கிறோம். அவசியம் இருக்கணும். அதில் உயிர் போனால் 2 லட்சம். ஒரு கையோ ஒரு காலோ முழுவதும் பயன்படாமல் போனால் 1 லட்சம். ஒரு விரல், இரண்டு விரல் போனதற்கு அதில் இடமில்லை. ஆனால் பூ கட்டுவதும், அரிசி களைவதும், ரேஷன் கடையில் ரேகை வைப்பதும் அந்த விரல்தானே!

சட்டம் என்ன சொன்னது?

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 22ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. ஓடுகிற பாகத்தால் அடிபடும் ஆபத்து இருந்தால், அந்த மெஷினைத் துடைக்கவோ, எண்ணெய் போடவோ, அட்ஜஸ்ட் செய்யவோ பெண்களை விடக்கூடாது என்றது. பாதுகாப்புக்குச் சொன்னதுதான். ஆனால் பெண் கையை எடுத்துக்கொள்ளணும் என்று சொன்னதே தவிர, பெண் கைக்கு ஏற்ற கைப்பிடி வைக்கணும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. இதில், கரண்டில் வேலை நடக்கும் இடத்தில் 20 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்ற கணக்கு. ஆறேழு பேர் சேர்ந்து நடத்தும் நம்ம பட்டறை அந்தக் கணக்கிலேயே வராது. ஆய்வாளர் வந்து பார்த்துச் சொல்வார் என்று காத்திருக்க முடியாது. நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாட்டிக்குத் தெரிந்த கணக்கு

கைப்பிடிக் கணக்கு நமக்குப் புதிதில்லை. உளுந்து உடைக்கும் திருகையில் மரப்பிடியை எங்கே செருகியிருக்கிறார்கள்? நடு அச்சுக்குப் பக்கத்திலா? இல்லை, கல்லின் ஓரத்தில். அச்சிலிருந்து தள்ளிப் பிடித்தால் சுலபமாகச் சுற்றும். அவ்வளவுதான் கணக்கு.

ஊர் அடிபம்பையும் பாருங்கள். முன்பு இருந்த வார்ப்பிரும்பு பம்புகள் ஒரு வீட்டு உபயோகத்துக்கான மாதிரியில் வந்தவை. ஊரே வரிசையில் நின்று அடித்ததும் உடைந்து போயின. 1970களில் யுனிசெஃப் உதவியோடு, சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் என்ற அரசு நிறுவனமும் சேர்ந்து புது பம்பை உருவாக்கினார்கள். கோயம்புத்தூர் பக்கம் ஆழமான கிணறுகளில் போட்டுச் சோதித்தார்கள். அதுதான் இந்தியா மார்க் 2. அதன் கைப்பிடியில் நாம் கொடுக்கிற பலம் எட்டு மடங்காகிறது. அதனால்தான் ஆழத்துத் தண்ணீரைக்கூட ஒரு சின்னப் பெண் அடித்து எடுக்க முடிகிறது. பம்பைப் பெண்களுக்கு ஏற்ற மாதிரி மாற்ற முடிந்தது என்றால் ரம்பத்தை ஏன் மாற்ற முடியாது?

நாமே செய்யக்கூடிய மாற்றங்கள்

முதல் வேலைக்குச் செலவே இல்லை. சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஏற்றி இறக்கும் திருகை கம்பி பிரஷ் போட்டு, மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். மண்ணெண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். கிரீஸ் வேண்டாம். கிரீசில் மரத்தூள் ஒட்டி களிமண் மாதிரி ஆகிவிடும். பல மெஷின்களில் முறுக்கு பாதி இதிலேயே குறைந்துவிடும்.

இரண்டாவது, சக்கரம். நாலு அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு எட்டு அங்குலச் சக்கரம் போட்டால் பாதி பலம் போதும். அதில் உள்ள பிடி தானாக உருளுகிற மாதிரி இருக்கட்டும். உருளாத பிடி உள்ளங்கையைத் தேய்த்துக் கொப்புளம் போட்டுவிடும்.

மூன்றாவது, நாப். வழவழப்பான உருண்டை நாப் வழுக்கும். விரல் பதிகிற மாதிரி மடிப்பு உள்ள ஸ்டார் நாப் போடுங்கள். வாங்கப் போகும்போது பழைய போல்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். பழைய மெஷின்களில் அங்குலக் கணக்கு மரை இருக்கும், இப்போது கிடைப்பது பெரும்பாலும் மில்லிமீட்டர் மரை. பார்க்க ஒன்று போலவே இருக்கும். பலவந்தமாக முறுக்கினால் மரை போய்விடும். நம்ம ஊர் லேத் பட்டறைகளில் அளவு சொல்லிவிடுவார்கள். பீச் ஸ்டேஷன் ரயில் ஏறிப் போனால் பாரிமுனை கடைகளில் ரகம் ரகமாகக் கிடைக்கும்.

வாங்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. நாம் வைத்திருப்பது மரப்பட்டறை! கருவேலம் மாதிரி கெட்டி மரத்துண்டில் பூ மாதிரி ஐந்து இதழ் வெட்டி, நடுவில் போல்ட்டின் தலையைப் பதித்து அரால்டைட் போட்டு ஒட்டினால் நாப் தயார். உங்கள் கை அளவுக்கே செய்துகொள்ளலாம்.

நான்காவது, பெயிண்ட். எந்தப் பக்கம் திருகினால் ஏறும், எந்தப் பக்கம் இறங்கும் என்று அம்புக்குறி போடுங்கள். திருகில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது சகஜம். அதனால் பிளேடைத் தேவைக்குக் கீழே இறக்கிவிட்டு, மேலே ஏற்றி நிறுத்துங்கள். அப்போதுதான் ஓடும்போது தானாக இறங்காது.

மாற்றும்போது எச்சரிக்கை

கைப்பிடி பெரிதானதும் பலம் தெரியாது. இறுகிய பிறகும் முறுக்கினால் மரை உடையும். வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பிடி, புடைத்து நிற்கும் ஸ்குரூ இரண்டும் முந்தானையை இழுக்கும். ஸ்குரூ உள்ளே அடங்கியிருக்கட்டும். மெஷின் ஓடும்போது எதையும் திருகக்கூடாது. முந்தானையைச் செருகி, முடியைக் கட்டி, வளையலைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். சுழலும் மெஷினில் கையுறை வேண்டவே வேண்டாம், அதுவே கையை உள்ளே இழுத்துவிடும். கைப்பிடியை மாற்றிவிட்டோம் என்று பிளேடு மூடியைக் கழற்றி வைக்காதீர்கள்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்

இனி மெஷினுக்குக் கடன் தீர்மானம் போடும் குழுக்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று பேர் கடைக்குப் போங்கள். அதில் ஒருவர் குழுவிலேயே வயதானவர், ஒருவர் கை சிறியவர், ஒருவர் தினம் ஓட்டப் போகிறவர். மூன்று பேரும் கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரத்தையும் நாப்பையும் திருகிப் பாருங்கள். பிளேடைக் கீழேயிருந்து உச்சம் வரை ஏற்றுங்கள், திரும்ப இறக்குங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும், தவணை கட்டப் போவது நாம்.

கெட்டியாக இருந்தால் பெரிய சக்கரம், ஸ்டார் நாப் போட்டுத் தரச் சொல்லி விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். வாங்கிய பிறகு கேட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். நாம் தனியாகப் போடுவதென்றால் அந்தச் செலவையும் கடன் தொகையில் சேர்த்துக் கேளுங்கள். பல நாப்கள் நூறு ரூபாய்க்குள்ளேயே முடிந்துவிடும். ஊக்குநரும் பிரதிநிதியும் இதைத் தீர்மானத்தில் ஒரு வரியாக எழுதி, மூவரின் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள்.

ஏற்கெனவே மெஷின் வைத்திருக்கும் குழுக்கள் இந்த வாரமே ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, கழற்றிய பழைய நாப்பையும் நீங்கள் செய்த புது நாப்பையும் கொண்டு வாருங்கள். மற்ற குழுவினர் திருகிப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.