அம்மம்மாவின் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது?



மட்டக்களப்பில் பரம்பரை தேடப் புறப்படுகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது பிறப்புச் சான்றிதழைத்தான். எடுக்கலாம். 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பிறப்பும் இறப்பும் அரசாங்கப் புத்தகத்தில் ஏறத் தொடங்கின. பெயரும் ஊரும், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் தெரிந்தால் பிரதேச செயலகத்தில் தேடச் சொல்லலாம். ஆனால் அந்தத் தாளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தாய் தகப்பன் பெயருக்குப் பிறகு பேரன் பெயர் வரும். அவர் தகப்பனைப் பெற்றவர். அம்மம்மாவுக்கு அங்கே இடமில்லை.

நமது குடியோ, அதாவது குலப்பிரிவோ, தாய்வழி. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, எதுவானாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது. சான்றிதழை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் தகப்பன்மாரின் பெயர்கள் கிடைக்கும், குடி பிடிபடாது.

தாய்வழிக்கு நான் பெரிதும் நம்புவது காணி உறுதியை. வீடுவளவைப் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பது இங்கே வழக்கம். ஒரு வளவின் உறுதியை எடுத்து, அது யார் கையிலிருந்து வந்தது என்று முன்னைய உறுதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போங்கள். மகள், தாய், அம்மம்மா என்று பெண்களின் பெயர்கள் வரத் தொடங்கும். 1978 சூறாவளியிலும் 1990 இடம்பெயர்விலும் 2004 ஆழிப்பேரலையிலும் உறுதிப் பெட்டியைப் பறிகொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் மனம் விட வேண்டாம். நொத்தாரிசு முடித்த உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். வளவின் பெயரையும் நாலு எல்லையையும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு அங்கே போங்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணிக்கு இந்த வழி உதவாது. ஏனென்றால் அதற்குரிய 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வாரிசு வரிசையில் நெடுங்காலம் ஆண்மக்களே முன்னுக்கு நின்றார்கள்.

அடுத்தது கோயில். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலிலும் மண்டூர் முருகன் கோயிலிலும் உரிமைகள் குடிவழி நடப்பவை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாருக்கு எந்தக் குடி எந்த ஊரில் பரவியது என்பது தெரிந்திருக்கும். முஸ்லிம் ஊர்களிலும் குடி உண்டு. பள்ளிவாசல் மரைக்காயர்மாரிடம் கேட்கலாம். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கோயில் உரிமை எல்லாச் சமூகத்துக்கும் ஒரேமாதிரிக் கிடைத்ததில்லை. அந்த வரிசையில் பெயர் இல்லை என்பதற்காக ஒரு குடும்பத்தை வந்தான் வரத்தான் என்று முடிவுகட்டுவது அநியாயம்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு பெரிய துணை. 1867க்கு முன்னாலும் போகலாம். ஞானப்பெற்றோர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், பல நேரம் அவர்கள் நெருங்கிய சொந்தக்காரராக இருப்பார்கள். கலியாணப் பதிவு கிடைக்கவில்லையென்றால் கலியாணமே நடக்கவில்லை என்று எண்ண வேண்டாம். முந்திய காலத்தில் வழக்கப்படி முடித்துவிட்டுப் பதியாமலே வாழ்ந்தவர்கள் ஏராளம்.

இறந்தவரின் 31ஆம் நாள் நினைவு மலரில் வம்சாவளி அச்சிட்டிருந்தால், எழுதியவர் யார் என்று விசாரியுங்கள். கோபத்தில் இருந்த கிளை அதில் விடுபட்டிருக்கக்கூடும். ஒரே குடிக்குள் மணம் முடிப்பது வழக்கமில்லை. ஆகவே புருசனுக்கும் பெண்சாதிக்கும் ஒரே குடி எழுதியிருந்தால், அந்த இடத்தைத் திரும்ப விசாரிக்காமல் மேலே போகாதீர்கள்.