பிள்ளை மடுவத்திலிருந்து தொடங்குங்கள்



வெளிநாடு சென்று சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டாகப் படிப்பிக்க உங்களில் சிலர் விரும்புகிறீர்கள். நல்லது, போங்கள்.

மரியா மொண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். யுத்தத்தால் 1946 வரை இந்தியாவில் தங்கினார். 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்களைப் பயிற்றினார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் சொன்னார். பிள்ளைகளிடம் தாய்மொழியில் பேசியவர்கள் அவரிடம் பயின்ற நம்மூர் ஆசிரியைகளே. அதனால்தான் அவர் போன பிறகும் வகுப்புகள் தொடர்ந்தன.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களைச் சுற்றிச் சிங்களமே ஒலிக்கிறது. பிள்ளை மடுவத்தில் கேட்கும் தமிழே நம் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கைபிடித்து அழைத்துப் போகும். முதலில் ஓராண்டு அங்கே படிப்பியுங்கள். பிறகு எங்கே போனாலும், வகுப்பைத் தொடர அவ்வூர்ப் பெண் ஒருத்தியைப் பழக்கிவிட்டுத் திரும்புங்கள்.