படம் போட்டா சோறு போடுமா?



"படம் போட்டா சோறு போடுமா?" இதைக் கேட்காத வீடு உண்டா? எரிக் கார்ல் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். 1952-ல் ஜெர்மனியிலிருந்து நியூயார்க் வந்தபோது அவர் கையில் 40 டாலர். முதலில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் வடிவமைப்பாளர். பிறகு விளம்பரக் கம்பெனியில் கலை இயக்குநர். விளம்பரத்துக்கு அவர் போட்ட ஒரு சிவப்பு சிங்கி இறாலைப் பார்த்துவிட்டுத்தான் பில் மார்ட்டின் தம் குழந்தைக் கதைக்குப் படம் கேட்டார். புத்தகம் 1967-ல் வந்தது. கார்லுக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது!

ஒருநாள் காகிதக் கட்டில் விளையாட்டாகத் துளை போட்டார். புத்தகத்தைத் தின்னும் புழு மனசில் வந்தது. பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸ் அதைக் கம்பளிப்பூச்சியாக்கச் சொன்னார். கதைக்குப் பட்டாம்பூச்சி கிடைத்துவிட்டது. பக்கங்கள் ஒரே அளவில் இல்லை, ஓட்டை வேறு. அமெரிக்காவில் செலவு கட்டுப்படியாகாமல் ஜப்பானில் அச்சடித்தார்கள். 1969-ல் வந்த அந்தப் புத்தகம் 60-க்கும் மேற்பட்ட மொழிகளில் கோடிக்கணக்கில் விற்றது.

பெற்றோரே, படம் போடும் பிள்ளையை அதட்டாதீர்கள். பிள்ளைகளே, படத்தோடு காகிதம், மை, அச்சுக்கூலிக் கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். சோறு போடுவது இரண்டும் சேர்ந்துதான்.